காவலுங்க

கறிவேப்பிலை காத்திருக்காது என்பது அதை விளைவிக்கிறவனுக்குத் தெரியும், சமைக்கிறவர்களுக்குத் தெரியும், காரமடைச் சந்தையில் மேய்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் நறுமண இலை ஏற்றுமதி நெறிப்படுத்தும் வாரியம். சுருக்கமாக இலை வாரியம். பன்னிரண்டு ஏக்கர் வளாகம். உள்ளே ஓர் இலை கிடையாது, அத்தனையும் சிமெண்ட்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எரிச்சலில் எங்கேயாவது வழியில் நின்றுவிடுவேன். இரண்டு வருஷமாக என் மூன்று ஏக்கரில் ஒரு சொட்டுப் பூச்சி மருந்து அடிக்கவில்லை. புளித்த மோரும் வேப்பெண்ணெயும்தான். பூச்சி பாதி தின்றது, நான் பாதி வெட்டினேன், பக்கத்துக் காட்டுக்காரர்கள் முழுசாகச் சிரித்தார்கள். எல்லாம் சஹீர் பாய் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அவர் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர், ஷார்ஜாவுக்கு இலை அனுப்புகிறவர். மருந்து எச்சம் இல்லாத இலையைக் கொடுத்தால் வாரம் ஒரு லோடு உங்களுடையதுதான் என்றிருந்தார். போன வாரம் ஆய்வகச் சான்று வந்தது. எச்சம் இல்லை. வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

இது முதல் லோடு. மூன்று மணிக்குள் விமான நிலையத்துச் சரக்குக் கூடத்தில் சேர வேண்டும். "மொத லோடு தவறிப்போச்சுன்னா அந்தப் பக்கத்து ஆளுங்க வேற இடம் பாத்துக்குவாங்கண்ணா. அப்பறம் என் கையில ஒண்ணுமில்ல" என்று சஹீர் பாய் இரண்டு தரம் போனில் சொல்லியிருந்தார். போகிற வழியில் இலை வாரியத்துக்குள் நுழைந்து, எடை போட்டு, சீல் வாங்க வேண்டும். அரை மணி நேர வேலை. எண்ணூறு கிலோ செங்காம்பு ரக இலையை விடியலில் வெட்டி, ஈரச் சாக்கில் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, காலை ஏழரைக்கெல்லாம் வாரியத்து வாசலில் என் மினி லாரியை நிறுத்திவிட்டேன். நேரம் தாராளமாக இருக்கிறது என்று ஒரு டீ வேறு குடித்தேன்.

முந்தைய வாரம் விசாரிக்க வந்தபோது வாசலில் ஒரு நோட்டு இருந்தது. பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார்கள். இன்றைக்கு நோட்டு இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். தடுப்புக் கட்டைக்கு மோட்டார். மேலே பேனர்: 'ஓரிடத்தில் ஓடினால் எவ்விடத்தும் ஓடும்! மின்னணு நுழைவுத் திட்டம்.'

காவலாளி அப்புசாமி என் பேரைத் தட்டினார். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சிவப்பில் ஒரு வரி காட்டியது. 'பெயர் தெரியவில்லை.'

"ஏனுங்ணா, உங்க பேரு தம்பிதுரைதானுங்களே?"

"ஆமாங்க."

"தெரியலைங்குதுங்களே."

ஆதார் அட்டையைக் காட்டினேன். ரேஷன் கார்டைக் காட்டினேன். லாரியின் கண்ணாடியில் எழுதியிருந்ததையும் காட்டினேன். அப்புசாமி ஒவ்வொன்றையும் வாங்கி, மரியாதையாகப் படித்து, மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

"எனக்கு உங்களத் தெரியுதுங்ணா. அதுக்குத் தெரியலை" என்றார்.

"பழைய நோட்டு எங்கீங்க?"

"நேத்து விழாவுல அதுக்குச் சால்வை போத்தி, கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுப்போட்டாங்ணா."

லாரியை ஓரங்கட்டிவிட்டு நடந்து உள்ளே போனேன். மனுஷன் நடந்து போக அனுமதி உண்டு. இலைக்குத்தான் கிடையாது.

கண்காணிப்பாளர் ரங்கராஜ் நல்ல மனுஷர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதே புரோகிராமைத் திறந்து என் பேரைத் தட்டினார். பச்சை விளக்கு. 'வருக, தம்பிதுரை.' என் போட்டோகூட வந்தது.

"பாருங்க, வருதுங்களே. அப்பறம் என்னங்க பிரச்சினை?"

"கேட்டுல வரலைங்க."

"இங்க வருதுங்களே."

"கேட்டுல வரலைங்க."

இதையே நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு என்னை இயக்குநரிடம் கூட்டிப்போனார். இயக்குநரின் மேசை மேல் ஒரு மேக் கம்ப்யூட்டர், வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார். துணியை எடுத்து, கையைத் துடைத்து, என் பேரைத் தட்டினார். அதிலும் பச்சை, அதிலும் வருக.

"ஐயா, திட்டம் வெற்றிகரமாக இயங்குகிறது" என்றார் இயக்குநர். "நீங்கள் லாரியை இங்கே என் அறை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். நானே அனுமதி தருகிறேன்."

"கேட் தெறந்தாத்தானுங்களே லாரி இங்க வரும்?"

"கேட் திறக்க அனுமதி வேண்டும். அனுமதிக்குத்தான் லாரியைக் கொண்டுவரச் சொல்கிறேன்."

அவர் ஒரு காகிதம் எடுத்து, 'விவசாயி தம்பிதுரையின் பெயர் இவ்வலுவலகத்துக்கு நன்கு தெரியும்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் கேட்டில் காட்டினேன். அப்புசாமி பாவம், அந்தக் காகிதத்தைக் கம்ப்யூட்டர் திரைக்கு எதிரே சற்று நேரம் பிடித்தே பார்த்தார். சிவப்பு.

மணி பத்து. தார்ப்பாயைத் தூக்கி மூட்டைக்குள் கையை விட்டேன். இன்னும் குளிர்ச்சிதான். ஆனால் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சாக்கில் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினேன்.

கடைசி அறையில் ஒரு பெண் இருந்தாள். யுஸ்ரா என்று பேர். உக்கடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள், கம்ப்யூட்டர் வேலைக்கு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்த வளாகத்திலேயே விஷயம் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான், அதனால் அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"உக்காருங்ணா. இது உங்க பேரே இல்ல" என்றாள். "இந்தப் புரோகிராமை ஒரு டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்காங்க. கன்டெய்னர்னு சொல்லுவோம். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அதே டப்பாதான். ஆனா வெவசாயிங்க பேரெல்லாம் இருக்கறது பின்னாடி ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல. அதுக்கு 'காவல்'னு பேரு. டப்பாக்குள்ள இருக்கறது 'காவல் எங்க?'ன்னு கேக்கும். டைரக்டரோட மேக்கும் சாரோட விண்டோஸும் வெளிய வந்து, 'இங்க காவல் யாருங்க?'ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்டு விசாரிச்சு, டப்பாக்குள்ள சொல்லிரும். கேட்டுல இருக்கறது லினக்ஸ்னு வேற ரகம். அந்த டப்பாவுக்காக அது சத்தமெல்லாம் போடாதுங்ணா. காவல்னா இந்த நம்பர்னு நாமதான் எழுதிக் குடுக்கோணும். காவலைக் கண்டுபுடிக்க முடியாமத்தான் 'பெயர் தெரியவில்லை'ங்குது. அது தேடறது உங்கள இல்ல."

எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. "எத்தனை எழுதோணும்?"

"ஒரே ஒரு வரி."

"அட, எழுதிப்போடு கண்ணு!"

"எழுதத் தெரியும்ங்ணா. எழுதக் கூடாது." சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினாள். கணினிகளில் பெயர் எழுதும் அதிகாரம் பெயர் இணக்கக் குழுவுக்கு மட்டுமே உண்டு. "எனக்கு முன்னால இருந்தவரு கேக்காம ஒரு வரி எழுதினாரு. அதான் அவரு எனக்கு முன்னால இருந்தவரு."

ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. குழுவுக்கு உடனே ஒரு குறிப்பு எழுதினாள். 'கன்டெய்னரில் பெயர் தெரியவில்லை. ஒரு வரி சேர்க்க அனுமதி வேண்டும்.'

குறிப்பு ரங்கராஜிடம் போனது. பதினைந்தாவது நிமிஷம் இரண்டு ஊழியர்கள் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக என் லாரியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலேயே ரங்கராஜ்.

"ஏனுங்க, கன்டெய்னர்ல பேரு தெரியலையாமா. அழிஞ்சு கிழிஞ்சு போச்சுங்களா? ஒரு வரிதான், நம்ம பசங்களே எழுதிப்போடுவாங்க."

"என்னுது கன்டெய்னர் லாரி இல்லீங்க. தார்ப்பாய் வண்டி."

அவர் முகம் மாறியது. "கன்டெய்னரே இல்லீங்களா? அப்பறம் எப்படிங்க கன்டெய்னர்ல பிரச்சினைன்னு மனு குடுத்தீங்க?"

'என்னிடம் கன்டெய்னர் இல்லை, இருந்ததும் இல்லை, என் பெயரிலோ என் மனைவி பெயரிலோ வைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை' என்று மூன்று பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யுஸ்ரா ஓடி வந்து விளக்கினாள். ரங்கராஜ் பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது டப்பாவா, கண்ணு? அப்பறம் அதை டப்பான்னு எழுதியிருக்கலாமே" என்றார். மணி பதினொன்றரை. இலையில் லேசாகச் சூடு.

பெயர் இணக்கக் குழு பன்னிரண்டு மணிக்குக் கூடியது. ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தேங்காய் பன், ஒரு டீ, ஒரு கோப்பு. என்னைப் 'பாதிக்கப்பட்டதாகக் கூறப்படுபவர்' என்று மூலையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, நம் திட்டத்தின் தத்துவம் என்ன? ஓரிடத்தில் ஓடினால் எவ்விடத்தும் ஓடும். என் அறையில் ஓடுகிறது. ஆகவே எவ்விடத்தும் ஓடுகிறது. கேட்டில் ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் ஏன் கேட்டில் நிற்கிறார் என்றுதான் நாம் கேட்க வேண்டும். நான் பொறுப்பேற்று ஆறு வருஷம் ஆகிறது. ஒரு நாளும் அந்தக் கேட் வழியாக நான் வந்ததில்லை. ஒரு நாளும் எனக்குப் பிரச்சினை வந்ததில்லை. இதைவிட ஒரு சான்று வேண்டுமா?"

கை தட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன், அப்புறம்தான் எனக்கே வெட்கமாகப் போனது.

"ஐயா, கேட்டுல இருக்கற கம்ப்யூட்டரை மட்டும் மாத்தி, உங்களுதைக் கொண்டுபோயி ஒரு அரை மணி நேரம் வெச்சா…" என்று நான் ஆரம்பித்தேன்.

இயக்குநர் தன் மேக் இருந்த அறைக் கதவை ஒரு முறை பார்த்தார். "வெயிலிலா?" என்றார்.

என் இலை வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில், ஒரு மணிக்கு, ஒரு வரி எழுத அனுமதி கிடைத்தது. அப்பாடா, தீர்ந்தது என்று வாசலில் நின்ற யுஸ்ராவைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அனுபவசாலி. என்ன பேர், என்ன நம்பர் என்று ஆணையாக அடித்து வர வேண்டுமாம். ஆணை அடிப்பது ஆர்.எஸ்.புரத்துத் தலைமை அலுவலகத்தில். ரங்கராஜ் எங்கள் முன்னாலேயே போன் போட்டார். அந்தப் பக்கத்துத் தட்டச்சர் குரல் வெளியே கேட்டது.

"பேரு சொல்லுங்க."

"காவலுங்க."

"நம்பருங்க?"

ரங்கராஜ் நம்பரை இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார்.

ஒன்றரைக்கு ஆணை மின்னஞ்சலில் வந்தது, கோபுர முத்திரை, பச்சை மைக் கையெழுத்து எல்லாம் சேர்த்து. நம்பர் சரியாக இருந்தது. இங்கிலீஷில் சொன்னதால் அதில் மரியாதை ஒட்டவில்லை. பேர்தான் அச்சாக இப்படி இருந்தது: காவலுங்க.

யுஸ்ரா தலையில் கை வைத்தாள். "சார், டப்பா தேடறது 'காவல்'. இந்த 'ங்க' வேண்டாம். இதோட எழுதினா அதுக்குத் தெரியாது."

"ஆணையில இருக்குதே, கண்ணு."

"நீங்க மரியாதைக்குச் சொன்னதுங்க சார் அது!"

"அப்பறம் மரியாதை இல்லாமயா சொல்லுவாங்க? தலைமை அலுவலகங்க அது."

ஆணையில் உள்ளபடி எழுதச் சொன்னார். எழுதினாள். கேட்டில் சிவப்பு. குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை தேங்காய் பன் தீர்ந்திருந்ததால் பிஸ்கட். மணி இரண்டு. ரங்கராஜ் தன் சங்கடத்தைச் சொன்னார்.

"ஆணையைத் திருத்தலாமுங்க. ஆனா திருத்தத்துக்குக் காரணம் எழுதோணும். என்னன்னுங்க எழுதறது? 'மரியாதை நீக்கம்'னா? நாளைக்கு தணிக்கையில யாரு பதில் சொல்றது? எங்கப்பா காலத்துல இருந்து எங்கூட்டுல நாயைக்கூட 'போங்க'ன்னுதானுங்க சொல்லுவோம்."

குழுவில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் இதே மண்ணில் பிறந்தவன்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லாரும் ஒரு நாள் மட்டும் வாடா போடா என்று பேசித் தொலைந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

இயக்குநர் எழுந்தார். "இவ்வாரியம் எவரையும் ஏகவசனத்தில் அழைத்ததில்லை. ஒரு கணினியிடமிருந்து அந்த வழக்கத்தைத் தொடங்க நான் தயாராக இல்லை. ஆணை அப்படியே இருக்கட்டும். பின்னறைக் கணினியின் பெயரைக் 'காவலுங்க' என்றும், புரோகிராமில் உள்ளதையும் அவ்வாறே மாற்றிவிடுங்கள்."

"மாத்தலாம் சார்" என்றாள் யுஸ்ரா. "ஆனா எல்லா டப்பாவையும் புதுசா மாத்தோணும். அது முடியற வரைக்கும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் வராது. உங்களுதுலயும் வராது."

"என் அறையிலா?"

"ஆமாங்க சார்."

இயக்குநர் உட்கார்ந்தார். மரியாதை குறித்து ஆராய ஒரு துணைக்குழு அமைத்து, பதினைந்து நாளில் அறிக்கை பெறுவது என்று முடிவானது. தீர்மானத்தில் என் பொறுமையைப் பாராட்டி ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரிக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

நான் எழுந்து நின்றேன். கத்த வேண்டும் என்றுதான் எழுந்தேன். "என்ற இலை சாகுதுங்க, அங்க" என்பது மட்டும்தான் வந்தது. அதுவும் 'ங்க' போட்டுத்தான் வந்தது.

வெளியே வந்தபோது யுஸ்ரா பின்னாலேயே வந்தாள். "நீங்க கேட் பக்கம் போங்ணா. நான் எழுதிடறேன்" என்றாள் தணிந்த குரலில்.

"வேண்டாம் கண்ணு. உன்ற வேலை போயிரும்."

"போனாப் போகுதுங்ணா. ஒரு வரிக்கு எத்தனை நேரந்தான் பாக்கறது."

வேகமாக அறைக்குப் போனாள். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தாள், முகம் செத்துப்போயிருந்தது. துணைக்குழு முடிவு வரும்வரை ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று, கேட் கம்ப்யூட்டருக்குள் போகிற அவளுடைய கடவுச்சொல்லை அதற்குள் முடக்கியிருந்தார்கள். அந்த வாரியத்தில் அன்றைக்கு வேகமாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

மூன்றே காலுக்கு சஹீர் பாய் போன் பண்ணினார். "கார்கோ மூடிட்டாங்கண்ணா." அவர் குரலும் நன்றாக இல்லை. "கெஞ்சிப் பாத்தேன். அவங்க கொச்சில ஒரு ஆளுகிட்டப் பேசிட்டாங்களாம், இனிமே அங்கதானாம். என்னை மன்னிச்சுக்கங்ணா." அவர் மேல் என்ன தப்பு? பரவாயில்லைங்க பாய் என்று சொல்லி வைத்தேன்.

லாரிக்குப் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. மூட்டைக்குள் கையை விட்டால் கை சுட்டது. காலையில் காம்போடு நின்ற இலை எல்லாம் உருவிக்கொண்டு கறுப்பாக உள்ளங்கையில் ஒட்டியது. இரண்டு வருஷம், மூன்று ஏக்கர், பூச்சிக்குப் போட்டது போக நான் காப்பாற்றியதெல்லாம் இவ்வளவுதான். ரோட்டோரத்தில் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன் பண்ண நான்கு தடவை எடுத்தேன், நான்கு தடவையும் உள்ளே வைத்துவிட்டேன்.

அப்புசாமி ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றார். மூட்டைகளை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இதை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோயி என்னங்ணா பண்றது? பின்னாடி நம்முளுது உரக்குழி இருக்குது. அதுல கொட்டிப்போடுங்க."

"கேட்?"

"அது வேற கேட்டுங்க. குப்பைக் கேட்டு. வாங்க காட்டறேன்."

லாரியை மதில் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். இரும்புக் கேட், ஒரு கயிறு கட்டியிருந்தது. கம்ப்யூட்டர் இல்லை, பேனர் இல்லை, சந்தனம் குங்குமம் இல்லை. உள்ளே நேர் எதிரில், இருபதடி தூரத்தில், எடை மேடையும் சீல் வைக்கிற கூடமும் தெரிந்தன. நான் இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க அப்புசாமி, இதுக்குச் சீட்டு, பேரு, ஒண்ணும் வேண்டாங்களா?"

"குப்பைக்கு எதுக்குங்ணா பேரு?"

"அப்பறம் இந்த வழியைக் காலையிலயே எனக்குச் சொல்லியிருக்கலாமுங்களே!"

அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"காலையில அது நல்லா இருந்துதுங்களேண்ணா" என்றார். பிறகு கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, அப்படியே நேரா உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.